மலையில் யாரும் இல்லை

மலை ஏறுகிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது. பத்தொன்பது வருடம் அடிவாரத்து அனுமதி அலுவலகத்தில் உட்கார்ந்து அவர்கள் மூஞ்சியைப் பார்த்தவன் சொல்கிறேன். உலகம் முழுக்கப் பேர் வாங்கிய மலை அது. அதன் படம் போட்ட நாட்காட்டியை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். படத்தில் பார்ப்பதோடு விட்டுவிட வேண்டியதுதானே? மாட்டார்கள். ராத்திரி முழுக்க ஏறி, உச்சியில் நின்று சூரியன் உதிப்பதைப் பார்த்தே தீர வேண்டும். அதே சூரியன் இவர்கள் வீட்டு மொட்டைமாடியிலும்தான் தினமும் உதிக்கிறது. அதை ஒருநாள் எழுந்து பார்த்திருப்பார்களா என்றால் இல்லை.

சீசனில் வருகிறவனையாவது மன்னித்துவிடலாம். ஊரே போகிறது, நானும் போகிறேன் என்று வருகிறான். முன்னால் போகிறவன் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏறுவான், அதே முதுகைப் பார்த்துக்கொண்டே இறங்குவான். சீசன் தொடங்குவதற்கு முன்பே வருகிறானே, அவனைத்தான் சகிக்க முடியாது. கூட்டம் இருக்காதாம், அமைதியாக இருக்குமாம். இருக்கும், இருக்கும். மேலே தங்குமிடங்கள் எல்லாம் பூட்டிக் கிடக்கும். மீட்புக் குழு கீழே டவுனில் அவரவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும். தவறி விழுந்தால் அமைதியாகத்தான் கிடக்க வேண்டும்.

அப்படி வந்த இரண்டு பேரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

என் வேலை வில்லை கொடுப்பது. அலுவலகத்தில் ஒரு பலகை, அதில் நூற்றிருபது கொக்கிகள். ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு பித்தளை வில்லைகள். ஏறுகிறவன் வந்தால் ஒரு வில்லையைக் கொக்கியில் மாட்டுவேன், இன்னொன்றைக் கயிற்றில் கோத்து அவன் கழுத்தில் போடுவேன். இறங்கியதும் அவன் திருப்பிக் கொடுப்பான், அதையும் அதே கொக்கியில் மாட்டுவேன். கொக்கியில் ஒற்றை வில்லை தொங்கினால் ஆள் மலையில் இருக்கிறான். இரட்டை தொங்கினால் இறங்கிவிட்டான். மூளையே வேண்டாம், கண் இருந்தால் போதும். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கும் ஒற்றை வில்லை தொங்கினால் மீட்புக் குழுவுக்குப் போன் செய்ய வேண்டும். சீசன் முடியும் நாளில் எல்லா இரட்டைகளையும் கழற்றிக் கம்பியில் கோத்து, பதிவேட்டின் கடைசி வரியில் 'மலையில் யாரும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

அலுவலகம் மூடிய பிறகு இறங்கி வருகிறவர்களுக்காக ஜன்னலுக்குக் கீழே ஒரு துவாரம் உண்டு, கடிதப் பெட்டிக்கு இருப்பது போல மூடி போட்டது. அதில் வில்லையைப் போட்டால் உள்ளே தகரத் தட்டில் விழும். டங் என்று ஒரு சத்தம். பின்கட்டில் கட்டிலில் படுத்திருக்கும் எனக்கு நன்றாகவே கேட்கும்.

அந்த வருடம் சீசனுக்கு மூன்று வாரம் முன்னால் போய் அலுவலகத்தைத் திறந்தேன். ஒட்டடை அடித்து, பலகையைத் துடைத்து, முதல் நாள் ராத்திரி படுத்தேன்.

டங்.

எழுந்து போய்ப் பார்த்தேன். தட்டு காலி. எலி என்று நினைத்துக்கொண்டு படுத்துவிட்டேன். இரண்டாம் ராத்திரியும் அதே சத்தம். மூன்றாம் ராத்திரி தட்டில் ஒரு சிட்டிகை மணல் கிடந்தது, ஈரமான கறுப்பு மணல். அடிவாரம் முழுக்கச் செம்மண். அந்தக் கறுப்பு மணல் உச்சிக்குப் போகிற பாதையின் மேல் வளைவிலிருந்துதான் தொடங்கும். எந்த எலி அவ்வளவு தூரம் போய் வரும் என்று யோசித்தேன். அப்புறம் போன வருட மணலாக இருக்கும், நான்தான் சரியாகத் துடைக்கவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு துணியால் வழித்துப் போட்டேன்.

நான்காம் நாள் மத்தியானம் அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள்.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், முப்பது வயதில் ஒருவன். முதலில் புருஷன் பெண்டாட்டி என்று நினைத்தேன். ஜோடிப் பொருத்தம் சரியில்லையே என்றும் நினைத்தேன். என் புத்தி அப்படி.

"வணக்கம் சார். நாளைக்கு ராத்திரி ஏறலாம்னு பிளான்" என்றான் அவன்.

"பிளானா? பலே. எத்தனை பேரு?"

"நாங்க ரெண்டு பேருதான்."

"வரிசைல நில்லுங்க" என்றேன். இரண்டே பேர்தான். ஆனாலும் சொன்னேன். பத்தொன்பது வருடமாக ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லி நாக்கில் ஒட்டிக்கொண்ட வார்த்தை அது. அவர்களும் ஒருவர் பின்னால் ஒருவராக நின்றார்கள்.

அவன் வங்கியில் வேலை பார்ப்பவனாம். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஜன்னலில் விரித்தான். கலர் கலராகக் கட்டம் போட்டு அச்சடித்த அட்டவணை. ஏழு மணிக்குக் கிளம்புவது. பதினொரு மணிக்குக் கீழ்த் தங்குமிடத்தின் வராந்தாவில் இருபது நிமிடம் ஓய்வு. ஒன்றரைக்கு மேல் வளைவு. தண்ணீர் குடிக்க வேண்டிய நேரம்கூட நீல நிறத்தில் போட்டிருந்தான். அந்த நிமிடமே அவனுக்கு 'அட்டவணை' என்று பேர் வைத்துவிட்டேன்.

"ஒண்ணுக்குப் போற நேரத்தக் காணோமே தம்பி? மஞ்சள் கலர்ல போட்டிருக்கலாமே?"

அவன் சிரிக்கவில்லை. சிரிக்கத் தெரியாத ஜென்மம்.

"மேல் வளைவுல ரெண்டு மணி நேரம் போட்டிருக்க. அப்புறம் நேரா இறங்கறதுன்னு இருக்கு. உச்சிக்கே போகலியா? சூரியன் கோச்சுக்குமே" என்றேன்.

அவன் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தான். அவள் அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"அங்கதான் என் தம்பியக் கடைசியாப் பாத்திருக்காங்க."

பள்ளிக்கூடத்து டீச்சர் அவள். கரும்பலகைக்கு முன்னால் நின்று பேசுகிற மாதிரி, அவசரமில்லாமல், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். போன சீசனின் கடைசி நாள் தம்பி தனியாக மலை ஏற வந்தான். வீட்டுக்குத் திரும்பவில்லை. அவன் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். போலீஸ் இந்த அலுவலகத்தில் விசாரித்தது. பகல் மூன்று நாற்பதுக்கு இறங்கிவிட்டார், இரட்டை வில்லை, பதிவேட்டில் இருக்கிறது என்று பதில் போனது. இறங்கியவன் வீட்டுக்கு வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? ஓடிப்போய்விட்டான் என்று அர்த்தம். அவன் மனைவி வீட்டார் அப்படித்தான் பேசினார்கள். ஊரும் அப்படித்தான் பேசியது. குழந்தை பிறந்தபோது பிரசவ அறைக்கு வெளியே அவன் மாமனார் நின்றுகொண்டு, அந்த ஓடுகாலியின் மூஞ்சி இதற்கு வராமல் இருக்கட்டும் என்றாராம்.

"என் தம்பி ஓடற ஆள் இல்லீங்க" என்றாள். "பஸ் நிலையத்துல அவன் போட்டோவ ஒட்டினேன். அதப் பாத்துட்டு இவரு போன் பண்ணினாரு."

"அன்னிக்கு நானும் மலைல இருந்தேன் சார்" என்றான் அட்டவணை. "காலைல பதினோரு மணிக்கு மேல் வளைவுல நான் இறங்கறேன், அவரு ஏறறாரு. உச்சிக்குப் போறேன்னு சொன்னாரு. அங்கேருந்து உச்சிக்கே மூணு மணி நேரம். அப்புறம் அஞ்சு மணி நேரம் இறங்கணும். மூணு நாப்பதுக்கு எப்படி சார் இங்க வந்திருப்பாரு?"

பதிவேட்டை மூடி ஓரமாகத் தள்ளினேன். 

"பாதியிலயே திரும்பியிருப்பாரு. கால் வலிச்சிருக்கும். இங்க வர்ற பாதிப் பேரு அப்படித்தான், வாய் மட்டும் உச்சி வரைக்கும் போகும்."

உண்மை என்னவென்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அவர்களிடம் சொல்லவில்லை.

வருடா வருடம் இங்கே வில்லை திருட்டு உண்டு. ஞாபகார்த்தமாம். அலமாரியில் வைத்து வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் பீற்றிக்கொள்ள வேண்டுமாம். ஜன்னல் பக்கம் வராமல் பின்பக்கப் பாதையில் இறங்கி, பஸ் ஏறிப் போய்விடுவார்கள். பெரும்பாலும் நான் விலாசத்தைப் பிடித்து, கடிதம் போட்டுத் திரும்ப வாங்கிவிடுவேன். பதில் வராதவற்றுக்கு டவுனில் ஒரு சாவிக்காரரிடம் போலி செய்து கொண்டுவந்து கணக்கை முடித்துவிடுவேன். ஒவ்வொரு முறையும் அவர், "என்ன, இன்னொரு திருடனா?" என்று கேட்டுச் சிரிப்பார். அப்படி மொத்தம் ஏழு செய்திருக்கிறேன். ஏழாவது, போன வருடத்து அறுபத்து நான்கு.

அந்தப் பையனை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வில்லையைக் கழுத்தில் போட்டதும் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "சார், இத நான் வீட்டுக்குக் கொண்டு போகலாமா? பொறக்கப்போற குழந்தைக்குக் காட்டணும்" என்று கேட்டான். கொன்றுவிடுவேன் என்று கத்தி அனுப்பினேன். அன்று நான்கு மணிக்குப் பலகை முழுக்க இரட்டை, அறுபத்து நான்கு மட்டும் ஒற்றை. கடைசி பஸ் நான்கரைக்கு. வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. திருட்டுப் பயல், கேட்டுவிட்டே எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று முடிவு கட்டினேன். மூன்று நாற்பது என்று நானே ஒரு நேரத்தை எழுதினேன். அடியில் 'மலையில் யாரும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

போலீஸ் வந்து கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் என் வேலை போயிருக்கும். அதனால் அவனை ஓடுகாலி ஆக்கிவிட்டேன். இப்படித்தான் அது நடந்தது, வேறு காரணம் எதுவும் இல்லை.

"சரிங்க" என்றாள் டீச்சர். "ரெண்டு வில்லையும் வந்துடுச்சுன்னா அது இப்ப இங்கதான இருக்கணும்? எனக்கு அந்த நம்பரயே குடுங்க."

மறுத்தால் சந்தேகம் வரும். மறுநாள் சாயங்காலம் அறுபத்து நான்கின் பழைய வில்லையைப் பலகையில் மாட்டிவிட்டு, போலியைக் கயிற்றில் கோத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் கட்டைவிரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

"புதுசா இருக்கே?"

"தேச்சு வெச்சேன்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டுப்பாடம் செய்யாமல் கதை விடுகிற பையனைப் பார்க்கிற பார்வை. அப்புறம் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். சரியாக ஏழு மணிக்கு, அட்டவணைப்படி, இரண்டு பேரும் கிளம்பினார்கள். அவர்கள் கைவிளக்குகள் முதல் திருப்பம் வரைக்கும் தெரிந்தன, அப்புறம் பனிமூட்டம் மறைத்துவிட்டது.

பாதியில் திரும்பி வருவார்கள் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். ஒன்பது மாதத்துக்கு அப்புறம் அங்கே என்ன இருக்கப் போகிறது? கல்லும் மணலும்தான்.

டங்.

கண் விழித்தேன். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று நாற்பது.

பார், நான் சொன்னேனே, டீச்சரம்மா திரும்பிவிட்டாள் என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். விளக்கைப் போட்டுக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். அறை முழுக்க ஒரு வாடை. நனைந்த கம்பளி நாள்கணக்கில் காயாமல் கிடந்தால் வருமே, அந்த வாடை. தட்டில் இந்த முறை மணல் இல்லை.

வில்லை இருந்தது.

அறுபத்து நான்கு.

எடுத்தேன். விரலில் ஒட்டிக்கொள்கிற அளவுக்குச் சில்லிட்டிருந்தது. எண்ணின் பள்ளத்தில் கறுப்பு மணல் அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். பழைய வில்லைகளில் ஆறு என்ற எண்ணின் வயிற்றில் ஒரு சிறிய வெட்டு இருக்கும், அச்சில் இருந்த குறை அது. சாவிக்காரர் செய்த போலியில் அந்த வெட்டு கிடையாது.

இதில் வெட்டு இருந்தது.

என் கையில் இருந்தது டீச்சர் கழுத்தில் போட்டுக்கொண்டு போன வில்லை இல்லை. ஒன்பது மாதத்துக்கு முன்னால் நானே அந்தப் பையன் கழுத்தில் போட்டு அனுப்பிய வில்லை.

ஜன்னலைத் திறந்தேன். வெளியே பனிமூட்டம் மட்டும். படிக்கட்டில் ஆள் இல்லை. நாய்கூட இல்லை.

"யாருய்யா அது?"

 ஜன்னலை மூடித் தாழ்ப்பாள் போட்டேன். 

அப்போது துவாரத்தின் மூடி மெதுவாக மேலே எழும்பியது.

காற்று என்றால் படபடவென்று அடிக்கும். இது அடிக்கவில்லை. யாரோ ஒரு விரலால் தூக்கிப் பிடித்த மாதிரி அப்படியே நின்றது.

"சார்..."

இளைஞன் குரல். மரியாதையான குரல்.

"லேட்டாயிடுச்சு சார். மன்னிச்சுக்கோங்க. மாட்டிடுங்க."

பலகைக்குப் போனேன். அறுபத்து நான்காம் கொக்கியில் ஒற்றையாகத் தொங்கிய வில்லைக்கு மேல் இதை மாட்டினேன். இரட்டை. பின்னால் மூடி விழுகிற சத்தம் கேட்டது. அந்த வாடையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது.

போர்வையை இழுத்துத் தலைவரைக்கும் போர்த்திக்கொண்டு படுத்தேன். பேய்க்கு வேண்டியது கணக்குதான், கணக்கு முடிந்துவிட்டது, இனி வராது என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். நம்புவீர்களோ மாட்டீர்களோ, தூக்கம்கூட வந்தது.

காலை ஒன்பது மணிக்கு அட்டவணை வந்து சேர்ந்தான், தனியாக. உதடு நீலம் பாரித்துப் போயிருந்தது. ஒரு கையில் அவன் தாள் கசங்கிக் கிடந்தது.

"டீச்சர்... டீச்சர் வந்துட்டாங்களா சார்?"

"உன்கூடத்தான வந்தாங்க?"

"மேல் வளைவுல ஒரே பனி சார். பக்கத்துல நின்னாங்க. திடீர்னு 'கேக்குதா, என் தம்பி கூப்பிடறான்'னு சொன்னாங்க. எனக்கு எதுவும் கேக்கல. சரிவுப் பக்கம் போனாங்க. வெளக்கு வெளிச்சம் தெரிஞ்சுது, அப்புறம் அதுவும் தெரியல. விடியற வரைக்கும் கத்திக் கத்திப் பாத்தேன். ஒருவேளை வேற வழியா இறங்கிட்டாங்களோன்னு..."

பேசிக்கொண்டே பலகையைப் பார்த்தான். அறுபத்து நான்காம் கொக்கியைப் பார்த்தான். இரட்டை வில்லை.

"அப்பாடா! வந்துட்டாங்களா!"

அப்படியே பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு. "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல சார். உசுரே போயிடுச்சு. டவுன் பஸ்ஸ புடிச்சிருப்பாங்க, இல்ல?"

நான் பதிவேட்டைப் புரட்டினேன்.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். என் புத்தி அந்த நேரத்தில் என்ன கணக்குப் போட்டது தெரியுமா? இரட்டை வில்லை தொங்குகிறது. இவனே பார்த்துவிட்டான், இவனே நம்பிவிட்டான். அவள் கழுத்தில் இருக்கிற போலி அவளோடு மேலேயே இருக்கும். கேட்டால், இறங்கிவிட்டாள், எங்கே போனாளோ என்று சொல்லிக்கொள்ளலாம். தம்பியைத் தேடிப் போன அக்காளும் ஓடிப்போய்விட்டாள் என்று ஊர் பேசும். ஊருக்கு அது போதும். பன்னிரண்டு மணிக்கு நான் யாருக்கும் போன் செய்ய வேண்டியதில்லை.

பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அட்டவணை அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழாயடியில் கால் கழுவப் போனான். வெயில் ஜன்னல் வழியாக மேசை வரைக்கும் வந்திருந்தது. வெளியே ஏதோ பறவை கத்திக்கொண்டிருந்தது.

அந்த வாடை வந்தது.

பட்டப்பகலில், வெயிலில், துவாரத்தின் மூடி எழும்பியது.

"சார்..."

நான் அசையவில்லை.

"அக்கா இன்னும் இறங்கல சார்."

எனக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பயம்தான். அந்தக் குரலை இனி ராத்திரிக்கு ராத்திரி கேட்க வேண்டுமே என்ற பயம். எழுந்து ஓடிப்போய் அறுபத்து நான்காம் கொக்கியிலிருந்து அந்த வில்லையைப் பிடுங்கினேன். ஒற்றை தொங்கியது. போனை எடுத்து மீட்புக் குழுவைக் கூப்பிட்டேன்.

"மலைல ஆள் இருக்கு. மேல் வளைவுக்குக் கீழ, சரிவுப் பக்கம். ஒரு பொம்பள." அப்புறம் கையில் இருந்த வில்லையைப் பார்த்தேன். "ரெண்டு பேரு. இன்னொருத்தன் போன வருஷத்துலேருந்து இருக்கான்."

குழாயடியிலிருந்து அட்டவணை ஈரக்காலோடு ஓடிவந்து நின்றான். என் கையில் இருந்த வில்லையைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான். அப்புறம் என் மூஞ்சியில் காறித் துப்பினான். சட்டைக் கையால் துடைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடியும்?

ராத்திரி பத்து மணிக்கு அவளைக் கொண்டுவந்தார்கள். கால் எலும்பு இரண்டாக முறிந்திருந்தது, உயிர் இருந்தது. இன்னொரு ராத்திரி கிடந்திருந்தால் போயிருக்கும் என்றார் மருத்துவர். அவள் கிடந்த பாறை இடுக்கில், அவளுக்குக் கை எட்டும் தூரத்தில், அவள் தம்பி இருந்தான். உச்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மேக இருட்டில் தவறி விழுந்திருக்கிறான். அன்று சாயங்காலம் நான் ஒரு போன் செய்திருந்தால் ராத்திரியே ஆள் போயிருக்கும். அவன் கழுத்தில் கயிறு அப்படியே இருந்தது. நான் போட்ட முடிச்சு அவிழவில்லை, கயிறு அறுபடவும் இல்லை. வில்லையை மட்டும் காணோம்.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். காலில் கட்டோடு படுத்திருந்த டீச்சர், நான் ஆரம்பிப்பதற்கு முன்பே கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"என் தம்பி ஓடிப் போகலன்னு அவன் பொண்டாட்டிகிட்ட சொல்லணும், அவ்வளவுதான் எனக்கு வேணும். அது ஆயிடுச்சு. உங்களத் திட்டறதுக்கெல்லாம் எனக்கு நேரமில்ல. போங்க."

பத்தொன்பது வருடம் நான் எல்லோரையும் பார்த்த பார்வை அது. முதல்முறையாக என்மேல் விழுந்தது. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு இளம்பெண் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தை கையில் அறுபத்து நான்காம் எண் பித்தளை வில்லை. அதை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது.

அப்புறம் விசாரணை. அறுபத்து நான்குக்குப் போலி செய்ததை ஒப்புக்கொண்டேன். விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"இந்த மாதிரி வேற ஏதாவது வில்லை செஞ்சீங்களா?"

ஆறு பேரின் முகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. எவன் முகத்தை நான் ஒழுங்காகப் பார்த்திருக்கிறேன்? அவர்களாவது நிஜமாகவே திருடர்களாக இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இருக்க வேண்டும்.

"சத்தியமா இல்லீங்க" என்றேன்.

சாவிக்காரரும் வாயைத் திறக்கவில்லை. வழக்கு நடக்கும்போதே வேலை போனது. நானும் வீட்டுக்காரியும் மலையை விட்டு ஆறு மணி நேரப் பயண தூரத்தில், வேறு ஊரில், மூன்றாம் மாடியில் ஒரு வீடு பிடித்தோம். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். மலை என்ற பேச்சே இல்லை. வாசல் கதவில் கடிதம் போட ஒரு துவாரம் இருந்தது. கடிதம் தரையில் விழுந்து அழுக்காகிறது என்று வீட்டுக்காரி அதற்கடியில் ஒரு தகரத் தட்டை வைத்தாள். அன்றைக்கே அதைத் தூக்கிக் குப்பையில் போட்டேன்.

"ஒரு தட்டுகூட உங்க கண்ணுக்குப் பொறுக்கலியா?" என்று அவள் சண்டை போட்டாள்.

நேற்று சீசன் முடிகிற நாள். மத்தியானத்திலிருந்தே எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. இந்நேரம் எனக்குப் பதிலாக வந்தவன் கம்பியில் கோத்துக்கொண்டிருப்பான், கடைசி வரியை எழுதிக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டு கூடத்தில் நடந்தேன். கடிகாரம் நான்கு அடித்தது.

டங்.

கதவுக்கு அடியில் தட்டு இல்லை. சத்தம் மட்டும் தகரத்தில் விழுந்த சத்தம்.

டங்.

டங்.

"ஏங்க, எந்தத் தட்டு விழுது?" என்று சமையலறையிலிருந்து வீட்டுக்காரி கேட்டாள். அவளுக்கும் கேட்கிறது.

டங். டங். டங்.

ஆறு.

தரையில் ஆறு வில்லைகள் கிடந்தன, ஈரமாக, கறுப்பு மணலோடு. எண்களைப் படிக்கக் குனியவில்லை. எனக்குத் தெரியாத எண்களா? மாடிப்படியில் கனமான காலணிகள் நிலைகொள்ளாமல் தேய்கிற சத்தம். நனைந்த கம்பளி வாடை. துவாரத்தின் மூடி மெதுவாக எழும்பியது.

என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? பயத்தில் மூளை நின்றுபோய், பழக்கம்தான் பேசியது.

"வ... வரிசைல நில்லுங்க."

கதவுக்கு அந்தப் பக்கம் காலணிகள் தேய்வது நின்றது. அப்புறம் ஒரு பெண் குரல், ரொம்பப் பொறுமையாக:

"வருஷக் கணக்கா வரிசைலதான் சார் நிக்கறோம்."